சாயமும் நிறமியும்

ஒருவனுடைய போலித்தனம் வெளிப்பட்டுவிட்டால், அவன் சாயம் வெளுத்துவிட்டது என்று சொல்வது தமிழ் வழக்கு. சாயம் என்றாவது ஒரு நாள் வெளுக்கும் என்னும் பட்டறிவு அந்த வழக்கின் அடியில் கிடக்கிறது. தைப்பிங் நகரில் வாழும் தமிழாசிரியர் ஒருவர் அம்மரபுத்தொடரை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்தவர். அதனை வாக்கியத்தில் அமைத்துக் காட்டுமாறு எத்தனையோ தேர்வுத்தாள்களில் கேட்டவர். எனினும், தம் வீட்டுச் சுவரில் சாயம் வெளுத்தபோது அதனை அவர் கண்டுகொள்ளவில்லை. கண்டு சொன்னவர் அவருடைய அக்கா.

2011ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு மறுநாள் அது நடந்தது. ஷா ஆலமிலிருந்து வந்திருந்த அக்கா, சாமி மேடையின் முன் விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தவர், மேடையின் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தம்பி, அம்மா இப்படி இல்லையே" என்றார்.

"அதே படந்தானே அக்கா. உங்களிடம் உள்ளதைப் பார்த்து எடுத்ததுதானே?"

"அதே படந்தான். ஆனால் அம்மா முகம் ஏன் இப்படிச் சிவந்து வெளிறிப் போயிருக்கிறது?"

ஆசிரியரால் விடை கூற இயலவில்லை. அவருக்குத் தாயின் முகம் என்பதே அந்தப் படந்தான். 1965ஆம் ஆண்டில் தாயார் மறைந்தபோது அவருக்கு வயது நான்கு. அக்காவுக்கோ பதினான்கு. அக்காவின் நினைவில் ஒரு முகம் இருந்தது. அதனோடு படத்தை ஒப்பிட்டுப் பார்க்க அவரால் முடிந்தது. தம்பிக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேறொன்று இல்லை. சுவரிலிருந்த முகம் நாள்தோறும் சிறிது சிறிதாக மாறியபோது, மாறிய முகத்தையே அவர் தாயென்று வணங்கி வந்திருக்கிறார்.

அந்தப் படம் 1963ஆம் ஆண்டுப் பொங்கலன்று எடுக்கப்பட்டது. ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் முன் ஏறத்தாழ நாற்பது பேர் நிற்கிறார்கள். இரண்டாம் வரிசையின் இடக்கோடியில், இடுப்பில் ஒரு குழந்தையை ஏந்தியவாறு, வெயிலுக்குக் கண்ணைச் சற்றே இடுக்கிக்கொண்டு நிற்பவர் ஆசிரியரின் தாயார். அந்தக் குழந்தை ஆசிரியர். தாயாருக்கென்று தனியாக எடுத்த படம் ஒன்றுமில்லை. அடையாள அட்டையில் ஒட்டியிருந்ததும் இறப்புப் பதிவின்போது அட்டையோடு போயிற்று. தோட்டம் பின்னர்த் துண்டாடப்பட்டுச் செம்பனைக் காடாயிற்று. இப்போது அங்கே வீடமைப்புப் பகுதி ஒன்று இருக்கிறது. கோயிலும் இல்லை, லயமும் இல்லை. அஞ்சலட்டை அளவுள்ள அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றே எஞ்சியது. மூத்தவர் என்னும் உரிமையால் அது அக்காவின் வீட்டில் இருந்தது.

2009ஆம் ஆண்டில் ஆசிரியர் அதனை இரவல் வாங்கிவந்து, மகளின் உதவியால் மின்வருடியில் படியெடுத்துக் கணினியில் சேமித்தார். அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்னும் நுண்மையில் மகள் அதனைப் பதிவுசெய்தாள். அவள் அன்று செய்த அந்தச் சிறு செயலின் அருமை பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது.

அச்சிடுவதற்கு வீட்டிலேயே ஒரு பொறி இருந்தது. தேர்வுத்தாளும் பயிற்சித்தாளும் அச்சிடுவதற்காக வாங்கிய எளிய பொறி அது. கறுப்பு மைப்பெட்டியின் மேல் நிறமி மை என்று பொறித்திருந்தது. மை விற்ற கடைக்காரரும், "நிறமி மை சார், வெளுக்கவே வெளுக்காது" என்று உறுதி கூறினார். கறுப்பு வெள்ளைப் படத்திற்குக் கறுப்பு மைதானே வேண்டும் என்று ஆசிரியர் எண்ணினார். எண்ணியதில் பிழையில்லை, நடந்தது வேறு. இத்தகைய எளிய பொறிகள் பலவற்றில் அந்த நிறமிக் கறுப்பு, வெள்ளைத்தாளில் எழுத்தை அச்சிடுவதற்கு மட்டுமே பயன்படுகிறது. பளபளப்பான நிழற்படத்தாளை இட்டவுடன் பொறி அந்தக் கறுப்பை ஒதுக்கிவிடுகிறது; நீலம், செந்நீலம், மஞ்சள் ஆகிய மூன்று சாய மைகளைக் கலந்தே சாம்பல் நிறத்தை உண்டாக்கிக்கொள்கிறது. தாயின் முகத்தில் கறுப்பென்றும் சாம்பலென்றும் தெரிந்தது மூன்று வண்ணங்களின் கூட்டணியே. கூட்டணியில் நீலம் முதலில் விலகிப் போயிற்று. எஞ்சிய இரண்டும் சேர்ந்து முகத்தைச் சிவப்பாக்கின. போதாக்குறைக்கு, மைப்பெட்டி தீர்ந்தபோதெல்லாம் கடைக்காரர் மலிவான மையை ஊசியால் ஏற்றிக் கொடுத்துமிருந்தார்.

சாய மைக்கும் நிறமி மைக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் அதன் பிறகே ஆராயத் தொடங்கினார். அறிவியல் அவருடைய துறையன்று. ஆயினும் வீட்டுச் சமையலறையும் பூசையறையும் விளக்கத்திற்குப் போதுமானவையாக இருந்தன. கருப்பட்டியை நீரிலிட்டால் அது தன் உருவை முற்றும் இழந்து கரைந்துவிடுகிறது; நீரெது கருப்பட்டியெது என்று பிரித்தறிய முடியாது. சாயமும் அவ்வாறே தனித்தனி மூலக்கூறுகளாக நீரில் கரைந்திருக்கிறது. சந்தனக்கட்டையை உரைத்து நீரில் குழைத்தால் சந்தனம் கரைவதில்லை, நுண்துகளாக மிதக்கிறது, நெற்றியிலிட்டால் நீர் உலர்ந்து துகள் மேலே தங்குகிறது. நிறமி அத்தகையது. மைக்குள் மிதக்கும் நிறமித் துகளின் அளவு, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூறு அளவினது எனலாம். அத்துணைச் சிறிய துகளுக்குள்ளும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் நெருங்கிக் கிடக்கின்றன. ஒளி வந்து தாக்கும்போது மேற்புறத்தில் உள்ளவை அழிகின்றன. உள்ளே உள்ளவை காக்கப்படுகின்றன. கோட்டைக்குள் இருப்பவனுக்கும் வெட்டவெளியில் தனியே நிற்பவனுக்கும் உள்ள வேறுபாடு இது. சாயத்தின் மூலக்கூறு வெட்டவெளியில் நிற்பது.

தமிழர்க்கு இவ்விரண்டும் புதியவை அல்ல. சாயவேரைக் கொண்டு துணிக்குச் செந்நிறம் ஏற்றியவர்கள், சாயம் துணியைப் பற்றிக்கொள்ளும் பொருட்டுப் படிகாரத்தைப் பயன்படுத்தினார்கள். சோழமண்டலக் கரையின் சாயத் துணிகள் கப்பலேறி மலாக்காவரை வந்தன. இன்றைய நிழற்படத்தாளின் பூச்சிலும் சாயத்தைப் பற்றி நிறுத்துவதற்கென்று ஒரு பொருள் கலந்தே இருக்கிறது. பழைய படிகாரத்தின் வேலையை அது செய்கிறது. நிறமிக்குச் சான்று வேண்டுமாயின் ஓலைச்சுவடியைப் பார்க்கலாம். எழுத்தாணியால் கீறிய பள்ளத்தில் விளக்குக்கரியைக் குழைத்துத் தடவினார்கள். கரி என்பது தூய நிறமி. உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் அலைந்து தேடியபோது அவரை வருத்தியவை செல்லரித்த ஓலைகளும் முறிந்த ஏடுகளுமே. ஓலை அழிந்தது, கரி வெளுக்கவில்லை. இன்று உயர்ந்த அச்சுப்பொறிகளில் இடும் நிறமிக் கறுப்பும் பெரும்பாலும் கரியினால் ஆனதே என்று அறிந்தபோது ஆசிரியர் அடைந்த மகிழ்ச்சி, இலக்கணத்தில் ஐயம் தீர்ந்தபோது அடையும் மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று.

அப்படியானால் சாய மையை ஏன் செய்கிறார்கள், ஏன் வாங்குகிறார்கள்? அழகுக்காகத்தான். சாயம் தாளின் பூச்சுக்குள் ஊறி இறங்கிவிடுவதால் மேற்பரப்பின் பளபளப்புக் குலைவதில்லை. வண்ணம் கண்ணாடிக்குள்ளிருந்து ஒளிர்வது போல் இருக்கும். பிறந்தநாள் விழாவின் பட்டுப்பாவாடைச் சிவப்பையும் தைப்பூசக் காவடியின் மயிலிறகு நீலத்தையும் சாய மை காட்டும் பொலிவு தனியானது. நிறமித் துகள்களோ மேற்பரப்பில் படிந்து நிற்கின்றன. பளபளப்பான தாளைச் சாய்த்துப் பார்த்தால், மை உள்ள இடம் ஒரு மினுக்காகவும் மை இல்லாத வெண்மையான இடம் வேறொரு மினுக்காகவும் தெரியும். கரிய பகுதிகளில் வெண்கலப் பூச்சுப் போன்ற ஒரு நிழலும் ஓடும். இக்குறையை மறைக்கவென்று நிறமற்ற மையொன்றை மேலே பூசும் பொறிகள் பின்னர் வந்தன.

2000ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று இவ்விரு மைகளின் இயல்பையும் உலகுக்கு ஒருசேரக் காட்டியது. எப்சன் நிறுவனம் அவ்வாண்டில் வெளியிட்ட ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 என்னும் சாய மைப் பொறிகள் நிழற்படக்கடைப் படத்திற்கு நிகரான படத்தைத் தந்தன. வெளிச்சத்தைத் தாங்கும் என்று கூறப்பட்ட அப்படங்களுள் சில, சுவரில் மாட்டிய சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறமாக மாறிவிட்டன. ஒளியைக் குற்றம் சாட்டியவர்கள் பின்னர் உண்மைக் கள்வனைக் கண்டுபிடித்தார்கள். காற்றிலுள்ள ஓசோன், தாளின் பூச்சிலுள்ள எண்ணற்ற நுண்துளைகளின் வழியே புகுந்து நீலச் சாயத்தை அழித்திருந்தது. மை உடனே உலரவேண்டும் என்பதற்காக அமைத்த துளைகளே பகைவனுக்கு வாயிலாயின. அதே ஆண்டில் அந்நிறுவனம் நிறமி மையால் இயங்கும் 2000பி என்னும் பொறியையும் வெளியிட்டது. அதன் படங்கள் வெளுக்கவில்லை. ஆனால் விளக்கொளியில் சரியாகத் தெரிந்த முகம் பகலொளியில் பச்சைச் சாயலாகத் தெரிந்தது. ஒன்று நிலைக்காத அழகு, மற்றொன்று அழகில்லாத நிலைபேறு என்றிருந்த காலம் அது. 2002ஆம் ஆண்டு முதல் வந்த நிறமி மைகள் பச்சைச் சாயலைப் பெரிதும் போக்கிக்கொண்டன. சாய மைகளும் தம் ஆயுளை நீட்டிக்கொண்டன. இடைவெளி குறைந்தது, மறையவில்லை.

நூறாண்டு, இருநூறாண்டு என்று மைப்பெட்டி விளம்பரங்கள் கூறும் கணக்கையும் ஆசிரியர் ஐயத்தோடே நோக்கினார். அமெரிக்காவில் ஹென்றி வில்ஹெல்ம் என்பார் நிறுவிய ஆய்வகத்தின் அளவீடுகள் இத்துறையில் பெரிதும் மதிக்கப்படுபவை. கடும் ஒளியில் படத்தைச் சில மாதம் வாட்டி, அதிலிருந்து வீட்டு ஒளியில் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கணக்கிடுவது அங்குள்ள முறை. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காடு என்பது அக்கணக்கின் அடிப்படைகளுள் ஒன்று. தைப்பிங்கில் 60 விழுக்காடா! மாலைதோறும் மழை பொழிந்து, அலமாரிக்குள்ளிருக்கும் புத்தகத்திலும் பூஞ்சை பூக்கும் ஊர் அது. மேலும், இருநூறாண்டு வாழ்ந்த மைபீச்சுப் படம் எதனையும் எவரும் கண்ணால் கண்டதில்லை. அப்படி ஒன்று தோன்றுவதற்கே இன்னும் காலம் ஆகவில்லை. எண்ணை அப்படியே நம்பாமல், இரண்டு மைகளை ஒப்பிடும் அளவுகோலாக மட்டும் அதனைக் கொள்வதே அறிவுடைமை.

இவ்வளவு அறிந்த பின்னும் ஆசிரியர் நிறமிப் பொறியை வாங்கவில்லை. அதன் விலை அன்று சில ஆயிரம் வெள்ளி. பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த காலம். மேலும், நிறமிப் பொறியை வாங்கிச் சும்மா வைக்கக்கூடாது. பல வாரம் அச்சிடாமல் விட்டால் மைத்துளைகள் அடைத்துக்கொள்ளும். துளையைத் துப்புரவு செய்வதற்குப் பொறி விலையுயர்ந்த மையையே குடிக்கும். சாய மையும் உலர்ந்து அடைப்பதுண்டு எனினும், கரையும் பொருளாதலால் எளிதில் திறந்துகொள்ளும். ஆண்டுக்கு நான்கு படம் அச்சிடுபவர் நிறமிப் பொறி வாங்குவது, நான்கு திருமணத்திற்குச் செல்வதற்காகப் பேருந்து வாங்குவதை ஒக்கும். ஆகவே அவர் பொறி செய்த நிறுவனத்தின் மையையே வாங்கி மீண்டும் அச்சிட்டார். கண்ணாடியிட்ட சட்டத்தில் அடைத்தார். சாமி மேடையின் சாம்பிராணிப் புகையும் சன்னல் வெயிலும் படாத உட்சுவரில் மாட்டினார். கண்ணாடி காற்றைத் தடுத்தது. படம் முன்னைவிட நன்றாகவே நின்றது. உடன்பிறந்தார்க்கும் ஒவ்வொரு படி அனுப்பினார். அக்காவும் அதனைத் தொகுப்பேட்டில் வைத்துக்கொண்டார். வெளுத்தால் என்ன, மூலப்படம் அக்காவிடம் இருக்கிறதே என்னும் துணிவு அவருக்கு இருந்தது.

அந்தத் துணிவு 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தோடு முடிந்தது. அம்மாதம் 18ஆம் நாள் தொடங்கிய வெள்ளத்தில் ஷா ஆலத்தின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. நீர் தலைக்கு மேல் ஏறிய வீடுகள் பல. அக்காவை அண்டை வீட்டு இளைஞர்கள் படகில் ஏற்றிக் கரைசேர்த்தார்கள். நாட்கள் கழித்துத் திரும்பியபோது, கூடத்துச் சுவரில் தொங்கிய சட்டம் சேற்றுக்குள் கிடந்தது. மூலப்படம் சட்டத்தின் கண்ணாடியை நேரே தொட்டுக்கொண்டிருந்த படம். பழைய நிழற்படங்களின் மேற்பூச்சு ஊன்பசையால் ஆனது. நனைந்தால் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அக்காவின் பேரன் பதற்றத்தில் பிரித்தெடுக்க முயன்றான். தாளொரு பக்கமும் படமொரு பக்கமுமாகக் கிழிந்து வந்தது. தொகுப்பேட்டிலிருந்த சாய மைப்படிகளோ ஒன்றோடொன்று ஒட்டி, நீலமும் சிவப்புமாகக் கலங்கி ஓடியிருந்தன. வெள்ளிப்படம் ஐம்பத்தெட்டு ஆண்டு வெளுக்காமல் நின்றதையும் இங்கே சொல்லவேண்டும். ஒளிக்கும் காற்றுக்கும் தோற்காத அது நீருக்குத் தோற்றது.

அக்கா தொலைபேசியில் வீட்டைப் பற்றியோ நனைந்துபோன தங்க நகைச் சீட்டுகளைப் பற்றியோ முதலில் பேசவில்லை. "தம்பி, நீ கணினியில் எடுத்து வைத்தது இருக்கிறதா?" என்று மட்டுமே கேட்டார்.

இருந்தது. மகள் அதனை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தியிருந்தாள். ஆனால் எண்களாகச் சேமித்த படத்தைச் சாமி மேடையின் பக்கத்தில் மாட்டமுடியாது, மாலை சாத்தமுடியாது. இனி அச்சிடுவதுதான் படம். மூலமென்று திரும்பிப் போவதற்கு வேறொன்று இல்லை. அந்நிலையில் மை பற்றிய கேள்விக்கு ஆசிரியரின் விடை ஒன்றாகவே இருந்தது. உடன்பிறந்தார் ஐவரும் பங்கிட்டுப் பணம் சேர்த்தார்கள். ஓய்வூதியத்திலிருந்து தம் பங்கை எடுத்து வைத்து, 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியர் நிறமிப் பொறி ஒன்றை வாங்கினார்.

"அப்பா, கடையில் கொடுத்தால் அவர்களே நிறமி மையில் அச்சிட்டுத் தருவார்களே. ஐந்து படத்துக்கு ஒரு பொறியா?" என்று மகள் கேட்டாள். கணக்கின்படி அவள் கூற்றே சரி. மற்றவர் எவரும் கேட்டால் ஆசிரியரும் கடையையே காட்டியிருப்பார். தமக்கென்று வந்தபோது அவர் கணக்குப் பார்க்கவில்லை. தாயின் முகத்தில் நிழல் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை முன்பின் தெரியாத ஒருவர் முடிவுசெய்வதை அவர் விரும்பவில்லை. அதனை முடிவுசெய்யக்கூடியவர் அக்கா ஒருவரே.

ஆகவே அக்காவைத் தைப்பிங்கிற்கு அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அச்சிட்டார்கள். பளபளப்புத் தாளை ஆசிரியர் தேர்ந்தெடுக்கவில்லை. மினுக்கில்லாத பருத்தித்தாள், அதற்கென்று உள்ள மங்கல் கறுப்பு மை, அதனோடு இரு சாம்பல் மைகள். முகத்தின் பெரும்பகுதி கரியினாலேயே உருவாயிற்று. வெண்மையைக் கூட்டிக் காட்டும் ஒளிர்பொருள் கலந்த தாளையும் தவிர்த்தார். அப்பொருள் காலப்போக்கில் வலுவிழக்க, தாள் மஞ்சளாகிவிடும். மூலப்படத்தைப் போல் இருமடங்கு பெரிதாக்கியும் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் எஞ்சியதால் முகம் சிதையவில்லை. முதற்படியைப் பார்த்த அக்கா, "அம்மா இன்னும் கொஞ்சம் கறுப்பு" என்றார். இரண்டாம் படியில் கோயில் கோபுரம் இருண்டுவிட்டது. மூன்றாம் படியை அவர் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். கூடத்து விளக்கின் கீழும் பார்த்தார். இரண்டு இடத்திலும் முகம் ஒன்றாகவே இருந்தது. ஒன்றும் பேசாமல் தலையசைத்தார்.

பழைய சாய மைப் பொறியை ஆசிரியர் எறிந்துவிடவில்லை. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களை அதுவே அச்சிடுகிறது. தொகுப்பேட்டின் இருளுக்குள் அவை நெடுநாள் வாழும். வெளுத்தாலும் மீண்டும் அச்சிடலாம். பட்டுப்பாவாடையின் சிவப்பை நிறமிப் பொறியைவிட அது நன்றாகக் காட்டுகிறது. அந்தப் பிள்ளைகளின் முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கப் பிள்ளைகளே எதிரில் இருக்கிறார்கள்.

ஐந்து படங்களையும் ஒரு நாள் முழுதும் மேசையின் மேல் விரித்து உலரவிட்டார்கள். மையிலுள்ள ஈரம் அடங்குவதற்குள் சட்டத்தில் அடைத்தால் கண்ணாடியில் பனி படியும். படம் கண்ணாடியைத் தொடாதவாறு இடையே ஓர் அட்டைச் சட்டத்தையும் வைத்தார்கள். அடைப்பதற்கு முன், ஆசிரியர் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பென்சிலால் வரிசை வரிசையாகப் பெயர் எழுதினார். அக்கா விரலால் சுட்டிச் சொல்லச் சொல்ல எழுதினார். கங்காணி, அவர் மனைவி, கோயில் பூசாரி, பால் நிறுப்பவர், பள்ளியின் ஒரே ஆசிரியர், அவருடைய இரண்டு பிள்ளைகள். மூன்றாம் வரிசையில் தலைப்பாகையோடு நிற்கும் ஒருவரிடம் வந்தபோது அக்காவின் விரல் நின்றது. நெடுநேரம் யோசித்தார். "அடுத்த ஆளைச் சொல்கிறேன், இவருக்கு இடம் விட்டு எழுது" என்றார்.